மாம்பழத்தை மடிக்க முடியுமா?

'சமச்சீர்' என்ற சொல்லைக் கேட்டதும் பெற்றோர்களுக்கு நினைவுக்கு வருவது பாடத்திட்டம்தான். 2010-இல் சட்டமான சமச்சீர்க் கல்வி அந்தச் சொல்லைத் தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டுவிட்டது. சனிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டுத் திண்ணையில் கூடும் பிள்ளைகளுக்கு இந்த வாரம் சமச்சீர் சொல்லித் தரப்போகிறேன் என்று ஒரு தாயிடம் சொன்னேன். "எங்கள் பையன் சிபிஎஸ்இ ஆயிற்றே அக்கா" என்றார். அவர் மேல் குற்றமில்லை. ஆனால் கணக்கில் அந்தச் சொல்லுக்கு உள்ள பொருள் எந்தப் பாடத்திட்டத்தையும் சேர்ந்ததல்ல. நான்கு வயதுக் குழந்தையின் கைக்குள் அடங்கக்கூடியது.

ஒரு வடிவத்தை ஒரு கோட்டின் மேல் மடிக்கிறோம். ஒரு பாதி மறுபாதியின் மேல் மிச்சமும் இல்லாமல் குறையும் இல்லாமல் அப்படியே உட்கார்ந்தால் அது சமச்சீர் வடிவம். மடித்த கோட்டின் பெயர் சமச்சீர் கோடு. எந்தக் கோட்டில் மடித்தாலும் உட்கார மறுத்தால் அது சமச்சீரற்ற வடிவம். விளக்கம் இவ்வளவுதான், சொல்லி முடிக்க அரை நிமிடம் ஆகும். பிறகு ஏன் கட்டுரை என்றால், குழந்தைகள் இதைக் கண்ணால் முடிவு செய்யப் பார்க்கிறார்கள். 'பார்க்க அழகாக இருக்கிறது, அதனால் சமச்சீர்' என்பார்கள். சமச்சீர் என்பது பார்த்துச் சொல்லும் விஷயமல்ல, செய்து பார்த்துச் சொல்லும் விஷயம். இந்த ஒன்றைப் புரியவைக்கத்தான் காகிதமும் கண்ணாடியும் கத்தரிக்கோலும் வேண்டியிருக்கின்றன.

இதை எழுதத் தூண்டியவள் என் தம்பி மகள். வயது ஐந்து. மே மாதத்தில் சேலத்து வீட்டுக்குள் நுழைந்தால் மாம்பழ வாசனைதான் முதலில் வந்து வரவேற்கும்; எங்கள் வீட்டுக் கூடையிலும் மல்கோவா இரண்டும் கிளிமூக்கு நான்கும் கிடந்தன. முந்தின நாள் காகிதங்களை மடித்து விளையாடிய சூட்டோடு ஒரு கிளிமூக்கை எடுத்துவந்து, "இது சமச்சீரா அத்தை?" என்றாள். நீயே சொல் என்றேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மூக்கு ஒரு பக்கம்தான் இருக்கிறது. ஆனால் இதை மடிக்க முடியாதே!" என்றாள். அரை நாள் அந்தப் பழம் பூசைப் பொருள் போல மேசை மேல் உட்கார்ந்திருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, முதலில் மடிக்கக்கூடியவற்றைப் பார்த்துவிடலாம்.

கைக்குட்டையும் நாட்காட்டித் தாளும்

தொடங்குவதற்குச் சதுரக் கைக்குட்டை போதும். குழந்தை ஏற்கெனவே மடித்துப் பழகியது என்பதால் பயம் இருக்காது. மேலும் கீழும் சேர மடிக்கலாம், இடமும் வலமும் சேர மடிக்கலாம், எதிரெதிர் மூலைகளைச் சேர்த்து முக்கோணமாக இரண்டு விதத்தில் மடிக்கலாம். ஒவ்வொரு தடவையும் விரித்து, மடிப்புத் தழும்பை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். சதுரத்துக்கு நான்கு சமச்சீர் கோடுகள். இதை நீங்கள் சொல்ல வேண்டியதே இல்லை. தழும்பை எண்ணினால் குழந்தையே சொல்லிவிடும்.

உண்மையான பாடம் அடுத்த படியில்தான் இருக்கிறது. சுவரில் மாட்டிய தினசரி நாட்காட்டியில் நேற்றைய தாளைக் கிழித்துக் கொடுங்கள். செவ்வகம். மடிப்பதற்கு முன் கேளுங்கள்: "இதற்கு எத்தனை கோடு?" என் திண்ணையில் எல்லோரும் ஒரே குரலில் "நான்கு" என்றார்கள். மடித்துப் பார்த்தார்கள். நீளவாக்கில் சரி, அகலவாக்கில் சரி. மூலையோடு மூலை சேர்த்தபோது இரண்டு பக்கமும் காது நீட்டிக்கொண்டு நின்றது. "தாள் கோணலாக இருக்கிறது" என்று ஒரு பையன் வேறு தாள் கேட்டான். அதிலும் காது. மூன்றாவது தாளையும் மடித்த பிறகுதான் தாள் மேல் தப்பில்லை என்று ஒப்புக்கொண்டான். செவ்வகத்துக்கு இரண்டே கோடுகள்.

அதோடு விடவில்லை. ஏழு வயதுப் பெண் ஒருத்தி செவ்வகத்தை மூலைவிட்டத்தில் கத்தரித்து இரண்டு துண்டுகளையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்துக் காட்டினாள். "பாருங்கள், இரண்டும் ஒரே அளவு. அப்புறம் ஏன் சமச்சீர் இல்லை?" துண்டுகள் கச்சிதமாகப் பொருந்தத்தான் செய்தன. பெரியவர்களே தடுமாறும் இடம் இது. அவளிடம் வாதம் செய்யாமல், துண்டுகளைத் திரும்பப் பழைய இடத்தில் வைத்து, எப்படிப் பொருத்தினாய் என்று மறுபடி செய்யச் சொன்னேன். ஒரு துண்டைத் தரையோடு தரையாக அரைச்சுற்று சுற்றித் திருப்பினாள், பிறகு நகர்த்தினாள். அங்கேதான் விடை இருந்தது. மடித்தால் பொருந்தவில்லை, சுற்றினால்தான் பொருந்துகிறது. இரண்டு பாதிகளும் சம அளவாக இருந்தால் மட்டும் போதாது. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பது அந்தப் பக்கத்தின் கண்ணாடிப் பிம்பமாகவும் இருக்க வேண்டும்.

நெதர்லாந்தைச் சேர்ந்த கணித ஆசிரியர்களான பியர் வான் ஹீலே, தினா வான் ஹீலே தம்பதியர் 1957-இல் அளித்த ஆய்வேடுகளில் குழந்தைகள் வடிவியலைப் படிப்படியாக அறியும் விதத்தை விளக்கினார்கள். முதல் படியில் குழந்தை வடிவத்தை ஒட்டுமொத்தத் தோற்றத்தால் அறிகிறது. 'கதவு மாதிரி இருக்கிறது, அதனால் செவ்வகம்.' பக்கம், மூலை, கோடு என்று பண்புகளைப் பிரித்துப் பார்ப்பது அடுத்த படி. நாட்காட்டித் தாளில் காது நீட்டிக்கொண்டு நிற்கும் அந்த நொடியில் குழந்தை முதல் படியிலிருந்து ஒரு காலை எடுத்து வைக்கிறது. அதனால் 'சமச்சீர் வடிவங்களை மட்டும் முதலில் காட்டுவோம், மற்றவை பிறகு' என்ற ஏற்பாடு எனக்கு உடன்பாடானதல்ல. பொருந்தாதது ஒன்று கைக்கு வரும்வரை, பொருந்துவது என்றால் என்னவென்று யாருக்கும் தெரியாது.

மற்ற வடிவங்களில் இவ்வளவு நேரம் தங்க வேண்டாம். மூன்று பக்கமும் சமமான முக்கோணத்துக்கு மூன்று கோடுகள், இரண்டு பக்கம் மட்டும் சமமானால் ஒன்று, மூன்றும் வேறுவேறாக இருந்தால் ஒன்றும் கிடையாது. பர்பியைச் சாய்வாக வெட்டும்போது நான்கு பக்கமும் சமமாக விழுந்தால் சாய்சதுரம், அதற்கு மூலையிலிருந்து மூலைக்கு இரண்டு கோடுகள். நீளமும் அகலமும் வேறுபட்டு விழுந்தால் இணைகரம்; பார்ப்பதற்கு ஒழுங்காக இருந்தாலும் அதற்கு ஒரு கோடுகூடக் கிடையாது. வட்டத்துக்கு எத்தனை கோடு என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். பத்து என்பார்கள், நூறு என்பார்கள், பிறகு 'முடியவே முடியாது' என்று யாராவது ஒருவர் சொல்வார்.

வட்டம் என்றதும் சேலத்துப் பிள்ளைகள் தட்டுவடையைத்தான் சொன்னார்கள். அதிலும் செட்டைச் சொன்னார்கள்: இரண்டு தட்டுவடை, நடுவே துருவிய பீட்ரூட்டும் கேரட்டும், ஒரு தட்டில் பச்சைச் சட்னி, மற்றதில் சிவப்புச் சட்னி. "மேல் தட்டும் கீழ்த் தட்டும் சமச்சீரா?" வடிவத்தைப் பார்த்தால் ஆம், வண்ணத்தைப் பார்த்தால் இல்லை. இரண்டு விடையும் சரி. எதைக் கணக்கில் எடுக்கிறோம் என்று முன்பே பேசிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். வடிவத்தை மட்டும் பார்ப்போம் என்று நாங்கள் முடிவு செய்தோம். செட் முடிந்ததும் பேச்சும் முடிந்தது.

ஒரு தாளின் நடுவில் வண்ணம் ஊற்றி மடித்து வண்ணத்துப்பூச்சி செய்யும் பயிற்சி எல்லா மழலையர் பள்ளிகளிலும் நடக்கிறது. எனக்கு அதில் பெரிய மதிப்பில்லை. எப்படி ஊற்றினாலும் சமச்சீராகத்தான் வரும். குழந்தை தவறு செய்ய வழியே இல்லை, எனவே கற்க வழியும் குறைவு. அதைவிட, மடித்த தாளில் பாதி உருவம் வரைந்து கத்தரிப்பது மேல். தாளுக்கு மூடிய பக்கம் ஒன்று, திறந்த பக்கம் ஒன்று. பொம்மையின் வயிற்றை மூடிய பக்கத்தை ஒட்டி வரைந்தால் முழுப் பொம்மை வரும். திறந்த பக்கத்தை ஒட்டி வரைந்தால் பொம்மை இரண்டு துண்டாகக் கையோடு வரும். முதல் முறை எல்லோருக்கும் துண்டாகத்தான் வந்தது. அழுகை முடிந்ததும் அவர்களே தாளை விரித்து, சமச்சீர் கோடு எங்கே போயிருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள்.

கண்ணாடி வைத்தால் எழுத்து என்ன ஆகும்

மடிக்க முடியாத படத்துக்குக் கைக்கண்ணாடி உதவும். கோடு என்று நினைக்கும் இடத்தில் கண்ணாடியைச் செங்குத்தாக நிறுத்தி, கண்ணாடிக்குள் தெரியும் பாதி, அது மறைத்த பாதியைப் போலவே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதைத் தமிழ் எழுத்துகளோடு செய்து பார்த்தோம். நான் எதிர்பார்த்ததைவிட வேடிக்கையாக இருந்தது. ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் ஏ, எச், எம், ஓ என்று சமச்சீரானவை வரிசையாக வந்து நிற்கின்றன. நம் எழுத்துகளோ சுழியும் வாலும் கொம்புமாகப் பெரும்பாலும் ஒரு பக்கமே சாய்ந்தவை. நேர்க்கோடுகளால் எழுதிய 'ப' இடவலம் அப்படியே பொருந்துகிறது. ஆய்த எழுத்தின் மூன்று புள்ளிகளையும் சம தூரத்தில் வைத்தால் அதற்கு மூன்று கோடுகள் கிடைக்கின்றன. 'ட' சமச்சீரற்றது என்று எல்லோரும் ஒதுக்கிவிட்டார்கள். இரண்டு கைகளையும் ஒரே நீளமாக எழுதிக் கொடுத்து, மூலை வழியாகச் சாய்வாக மடிக்கச் சொன்னேன். ஒரு கை மறு கையின் மேல் போய் விழுந்தது. கோடு நட்டமாகவோ படுக்கையாகவோதான் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை அந்த ஒரு எழுத்து உடைத்தது.

பெரிய பையன் ஒருவன் 'விகடகவி' என்று எழுதிக்கொண்டு வந்தான். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றுதானே என்றான். எழுத்துகளின் வரிசை சமச்சீர்தான். நடுவில் 'ட' உட்கார்ந்திருக்க இரு புறமும் அதே எழுத்துகள் வருகின்றன. ஆனால் எழுத்துகளின் உருவம் அப்படியல்ல. கண்ணாடியை வைத்ததும் 'வி' முகத்தைத் திருப்பிக்கொண்டது. நல்ல கேள்வி கொண்டுவந்ததற்காக அவனுக்கு ஒரு கமர்கட்.

இந்த இடத்தில் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. நான்கு முதல் ஆறு வயது வரை குழந்தைகள் 3, 7 போன்ற எண்களையும் சில எழுத்துகளையும் இடவலம் மாற்றி எழுதுவது மிகச் சாதாரணம். தம்ளரின் கைப்பிடி இடப்பக்கம் இருந்தாலும் வலப்பக்கம் இருந்தாலும் அது தம்ளர்தான் என்று பிறந்ததிலிருந்து அனுபவத்தால் அறிந்த பிள்ளை, எண்ணுக்கு மட்டும் திசை உண்டு என்பதைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. அதட்டுவதைவிடக் கண்ணாடியைக் கையில் கொடுப்பது பலன் தரும். தான் எழுதிய 3 கண்ணாடியில் சரியாகத் தெரிகிறது என்று கண்டதும் என் தம்பி மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

கும்பிடு, செருப்பு, வகிடு

குழந்தை எங்கே போனாலும் கூடவே வரும் பாடக்கருவி அதன் உடல்தான். கும்பிடச் சொல்லுங்கள். கட்டைவிரலோடு கட்டைவிரலும் சுண்டுவிரலோடு சுண்டுவிரலும் போய் ஒட்டிக்கொள்ளும். இரண்டு உள்ளங்கைகளையும் கீழே பார்த்தபடி ஒன்றன் மேல் ஒன்று அடுக்கச் சொல்லுங்கள். கட்டைவிரல்கள் ஆளுக்கொரு திசையில் நிற்கும். இடக்கை என்பது வலக்கையின் நகல் அல்ல, பிம்பம். இதே காரணத்தால்தான் செருப்பை மாற்றிப் போட்டால் கால் வலிக்கிறது. ஒரு ஜோடிச் செருப்பை அடியோடு அடி ஒட்ட வைத்துப் பார்த்தால் ஓரம் எங்கும் பிசகாமல் பொருந்தும். தினமும் செருப்பை மாற்றிப் போட்டு வந்த ஒரு குழந்தை, இந்த விளையாட்டுக்குப் பிறகு ஜோடியைத் தரையில் அருகருகே வைத்து, நடுவில் இடைவெளி எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கால் நுழைக்கிறது.

முகத்துக்கு வருவோம். நேர்வகிடு எடுத்து இரட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டிய பள்ளிச் சிறுமியைப் போலச் சமச்சீருக்கு இலக்கணம் வேறெதுவும் இல்லை. பக்கத்தில் நிற்கும் தம்பிக்குக் கோண வகிடு. தலையில் தண்ணீர் வைத்து வாரிய அம்மா ஒரே இழுப்பில் அவனைச் சமச்சீரற்றவன் ஆக்கிவிட்டார். சட்டையைப் பார்த்தால் இடது மார்பில் மட்டும் பை. 'பையை எடுத்துவிட்டால்?' பித்தான் வரிசை மிஞ்சுகிறது, அங்கே ஒரு மடல் மேலே, ஒரு மடல் கீழே. எது சமச்சீரைக் கெடுக்கிறது என்று ஒன்றொன்றாகத் தேடும் இந்த விளையாட்டு, 'சமச்சீரா இல்லையா' என்று கேட்பதைவிட ஆழமானது. வெளியே இவ்வளவு ஒழுங்காகத் தெரியும் உடலின் உள்ளே இதயம் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, கல்லீரலின் பெரும்பகுதி வலப்பக்கம் இருக்கிறது என்று சொன்னபோது பிள்ளைகள் தங்கள் வயிற்றைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டார்கள்.

இடவலச் சமச்சீரை நம் கண் சட்டென்று பிடித்துவிடும்; மேல்கீழ்ச் சமச்சீர் அவ்வளவு விரைவில் பிடிபடாது. இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் 19-ஆம் நூற்றாண்டிலேயே இதைக் குறித்து எழுதியிருக்கிறார். அதனால் முதலில் நட்டக் கோடு, பிறகு படுக்கைக் கோடு, கடைசியில் சாய்வு என்ற வரிசையில் போவது குழந்தைக்கு எளிது.

படுக்கைக் கோட்டுக்கு ஏற்காடு

படுக்கைக் கோட்டைக் காட்ட நான் ஏற்காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவேன். (உண்மையில் குளிருக்காகப் போனோம். பாடம் வழியில் சேர்ந்துகொண்டது.) சேலத்திலிருந்து ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். தலையில் செருகும் கொண்டை ஊசி சமச்சீரானது. சாலை வளைவு மேலிருந்து பார்த்தால் அதைப் போலவே தெரியும், ஆனால் ஒரு கை தாழ்ந்தும் மறு கை உயர்ந்தும் கிடக்கும். ஒவ்வொரு வளைவுக்கும் எண் எழுதிய பலகை இருப்பதால், பிள்ளைகள் வாந்தியை மறந்து எண்ணிக்கொண்டே வந்தார்கள்.

ஏரியில் காலையில் காற்று எழுவதற்கு முன் கரை மரங்கள் தலைகீழாக நின்றன. நீர்மட்டம்தான் அங்கே சமச்சீர் கோடு. படகு ஒன்று கிளம்பியதும் கீழ்ப்பாதி கலைந்து மேல்பாதி மட்டும் மிஞ்சியது. "மடிப்பு கலைந்துவிட்டது" என்றாள் என் தம்பி மகள். நான் சொல்லித் தராத வாக்கியம்.

காபித் தோட்டத்தில் இன்னும் நல்ல சரக்கு இருந்தது. காபிக் கிளையில் இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாகப் பிறக்கின்றன. கிளையை நடுக்கோடாக வைத்தால் இரு புறமும் ஒத்துப்போகும். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருக்கும் மிளகுக் கொடியில் அப்படியில்லை. ஓர் இலை இந்தப் பக்கம், அடுத்த இலை கொஞ்சம் மேலே அந்தப் பக்கம். தாவரவியலில் முதலாவது எதிரிலை அடுக்கம், இரண்டாவது மாற்றிலை அடுக்கம். பெயர்கள் பிள்ளைகளுக்குத் தேவைப்படவில்லை. ஒன்றைக் 'கும்பிடும் இலை' என்றும் மற்றதை 'நடக்கும் இலை' என்றும் அவர்களே வைத்துக்கொண்டார்கள். நடந்து போகும்போது இடது, வலது, இடது என்று மாறி மாறிக் கால் வைப்பதைப் போல இருக்கிறதாம். தோட்டக்காரர் அனுமதித்து ஒரு பழுத்த காபிப் பழத்தையும் பிதுக்கிக் காட்டினார். உள்ளே இரண்டு கொட்டைகள், தட்டையான முகத்தோடு முகம் ஒட்டி, ஒன்றுக்கொன்று பிம்பமாக. சில பழங்களில் ஒரே கொட்டைதான் விளையும். எதிரே அழுத்த ஆள் இல்லாததால் அது உருண்டையாகிவிடுகிறது. காபிக் கடையில் பீபெரி என்று தனியாக வாங்குகிறோமே, அதுதான்.

இலை என்றால் சமச்சீர் என்று பாடப்புத்தகப் படங்கள் நம்மைப் பழக்கியிருக்கின்றன. வீட்டுக்குத் திரும்பியதும் ஒரு வேப்பிலைக் கொத்தை ஒடித்து, ஒரே ஓர் இலையை நடு நரம்பில் மடித்துப் பாருங்கள். ஒரு பாதி அகலமாகவும் மறுபாதி ஒடுங்கியும் இருக்கும். காம்பை ஒட்டிய இடத்தில் இரண்டு பாதியும் ஒரே உயரத்தில் தொடங்குவதுகூட இல்லை. ஆடி மாதம் முழுக்கக் கோட்டை மாரியம்மன் கோவில் பக்கம் வேப்பிலை நடுவே நடந்தவள் நான். மடித்துப் பார்க்கும்வரை இதை நான் கவனித்ததில்லை.

சுற்றினால் பொருந்துவது

எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இன்னொரு வாசலையும் திறக்கலாம். ஒற்றை நந்தியாவட்டையைப் பறித்து ஐந்து இதழ்களையும் உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வோர் இதழும் ஒரே பக்கமாக வளைந்திருக்கும், காகிதக் காற்றாடியைப் போல. கண்ணாடி வைத்தால் வளைவு எதிர்த்திசைக்குப் போய்விடுகிறது, எனவே மடிப்புக்கோடு கிடையாது. ஆனால் பூவை ஐந்தில் ஒரு பங்கு சுற்றினால், சுற்றியதற்கு அடையாளமே தெரியாமல் பழையபடி நிற்கிறது. இதற்குச் சுழல் சமச்சீர் என்று பெயர். மூலைவிட்டத்தில் கத்தரித்த செவ்வகத்தை அந்தப் பெண் அரைச்சுற்று சுற்றிப் பொருத்தினாளே, பெயர் தெரியாமலே அவள் கண்டுபிடித்ததும் இதைத்தான். சற்று முன் கோடே இல்லை என்று தள்ளிய இணைகரமும் அரைச்சுற்றில் தன்மேல் தானே பொருந்திவிடும். ஆகவே 'சமச்சீரற்றது' என்று சொல்லும்போது மடிப்பைப் பற்றிப் பேசுகிறோமா, சுழற்சியைப் பற்றிப் பேசுகிறோமா என்பதைப் பெரிய பிள்ளைகளிடம் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

கோலத்தில் இரண்டும் சேர்ந்து கிடைக்கும். ஊடுபுள்ளி வைத்து, நடுவில் 7, இரு புறமும் 6, 5, 4 என்று குறைத்தால் மொத்தம் 37 புள்ளிகள், ஓர் அறுகோணம். அதில் ஆறு இதழ்ப் பூ போட்டால் ஆறில் ஒரு பங்கு சுற்றினாலும் மாறாது. நேர்ப்புள்ளியில் நடுவில் 7, இரு புறமும் 5, 3, 1 என்று வைத்தால் 25 புள்ளிகள். அது நான்கு திசைகளின் உலகம். சிக்குக் கோலங்களில் சில, சுற்றினால் பொருந்தும், மடித்தால் பொருந்தாது. கம்பி மேலே போகிறதா கீழே போகிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றால் பால்காரர் விசாரிப்பார். பரவாயில்லை.

பிள்ளையாருக்கு இரண்டு தும்பிக்கை

ஒரு பிள்ளையின் பயிற்சி நோட்டைப் பார்த்தேன். சமச்சீர் வடிவங்களுக்குச் சரிக்குறி போடு, சமச்சீரற்றவற்றுக்குத் தவறுக்குறி போடு என்று பள்ளியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பிள்ளை வீட்டில் மேகம், மலை, கைப்பிடி வைத்த தம்ளர் எல்லாவற்றையும் 'தப்பு' என்று சொல்லத் தொடங்கிவிட்டான். சேர்வராயன் மலை தப்பாம். இரண்டு வகைக்கும் இரண்டு நிறம் தீட்டச் சொல்லியிருந்தால் இந்த வினை வந்திராது. குழந்தையிடம் 'கோணல்', 'சரியில்லை' என்ற சொற்களையும் தவிர்த்துவிட்டு, 'பொருந்துகிறது', 'பொருந்தவில்லை' என்று மட்டும் சொல்லிப் பாருங்கள்.

அவனுக்கு நான் காட்டியது பிள்ளையார் படம். ஒரு தந்தம் ஒடிந்தவர், தும்பிக்கையை ஒரு பக்கமாகச் சுழித்தவர், கைக்கு ஒன்றாக வெவ்வேறு பொருள் ஏந்தியவர். நெற்றி நடுவில் கண்ணாடியை நிறுத்தித் தும்பிக்கைப் பக்கத்தைப் பார்த்தால் இரண்டு தும்பிக்கைகள் இரு புறமும் சுழித்துக்கொண்டு வந்தன. மறுபக்கம் திருப்பினால் தும்பிக்கையே ஏறக்குறைய காணாமல் போயிற்று. "எது நம்ம ராஜகணபதி?" என்று கேட்டேன். கண்ணாடியை எடுத்துவிட்டு அசல் படத்தைத் தொட்டுக் காட்டினான். மலைக்கும் தம்ளருக்கும் போட்ட தவறுக்குறிகளை அன்று மாலை ரப்பரால் அழித்தான். தாள் கிழியும்வரை அழித்தான்.

மேசை மேல் கிளிமூக்கு காத்திருக்கிறது. பழம் போன்ற முப்பரிமாணப் பொருளை மடிக்க முடியாது; ஆனால் வெட்டலாம். கோட்டுக்குப் பதிலாக ஒரு தளம், கத்தி போகும் பாதை என்று வைத்துக்கொள்ள வேண்டும். பழத்தின் அகன்ற பக்கம் நம்மைப் பார்த்து இருந்தால் மூக்கு ஒரு பக்கமாகத் துருத்திக்கொண்டிருக்கிறது; பொருந்தவே பொருந்தாது. அதே பழத்தை ஒடுங்கிய பக்கம் தெரியும்படி திருப்பி, காம்பு மேலே இருக்கப் பிடித்தேன். மூக்கு இப்போது நட்ட நடுவில் வந்துவிட்டது, முகத்தில் மூக்கு இருப்பதைப் போலவே. இரு புறமும் கதுப்புகள். "இப்போது?" என்றேன். அவள் பழத்தின் இரு கன்னங்களிலும் உள்ளங்கைகளை வைத்து அழுத்திப் பார்த்தாள். கும்பிடுவதைப் போல.

கொட்டையை ஒட்டி இரு பக்கமும் சீவினேன். இரண்டு கதுப்புகளையும் முகத்தோடு முகம் வைத்தாள். ஒன்று கொஞ்சம் தடிமன். வெட்டியது என் கை, மாமரம் பொறுப்பல்ல. மற்றபடி ஓரம் ஓரத்தோடு சேர்ந்தது. தட்டில் மிஞ்சியது கொட்டையும் அதைச் சுற்றிய சதையும், தட்டையாக.

"அப்படியென்றால் மடிப்பு இதற்குள்தான் இருக்கிறதா அத்தை?"

ஆமாம் என்றேன். இரண்டு கதுப்புகளையும் எனக்கும் தம்பிக்கும் ஆளுக்கொன்றாகத் தள்ளிவிட்டு, கொட்டையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு திண்ணைக்கு ஓடினாள். முழங்கைவரை வழிந்த சாறு இடது கையில் கொஞ்சம் அதிகம்.